கருங்குழலான் கையில் கரண்டி

இந்தக் கதையில் வரும் முக்கியமான சண்டையை நான் பார்க்கவில்லை. அப்போது நான் திண்டிவனத்தில், அலுவலகத்தில் இருந்தேன். விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் நம்பவில்லை. பிறகு விசாரித்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் தலைமுடி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தாசில்தார் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழை என் அப்பா சட்டம் போட்டு, சாமி படங்களுக்கு நடுவில் மாட்டி வைத்திருக்கிறார். முப்பது வயதுக்குப் பிறகும் தலையில் முடியோடு இருக்கும் முதல் ஆளும் நானாக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு எந்தத் தாசில்தாரும் சான்றிதழ் தருவதில்லை. அப்பாவுக்கு இருபத்தெட்டில் வழுக்கை. பெரியப்பாவுக்கு இருபத்தாறில். சித்தப்பாவின் கல்யாணப் படத்தில் கேமரா வெளிச்சம் அவர் தலையில் பட்டுத் தெறித்து, சித்தி யாரென்றே தெரியவில்லை. எனக்கு இருபத்தேழு. சீப்பில் வரும் முடிகளைத் தினமும் எண்ணி நாட்குறிப்பில் எழுதுகிறவன் நான்.

அப்படிப்பட்டவனுக்கு வேலை உத்தரவு வந்த அன்றைக்கு, என் மனைவி வெண்ணிலா கேசரி கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்களுக்கு வேலை கிடைச்சா மயிலம் முருகனுக்கு மொட்டை போடறதா வேண்டிக்கினேங்க."

நான் எதையும் விவரம் கேட்காமல் ஒப்புக்கொள்கிறவன் இல்லை. கேட்டேன்.

"யாருக்கு மொட்டை?"

"உங்களுக்குத்தான். வேலை உங்களுக்குத்தானே கிடைச்சிது?"

கேசரியைக் கீழே வைத்துவிட்டேன். எடுத்தால் திரும்ப வளராது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். எங்கள் பரம்பரையில் முடி ஒருமுறைதான் வரும்.

இரண்டு வருடம் தள்ளினேன். அடையாள அட்டையில் இருக்கும் முகத்தோடு பொருந்தாது என்றேன். மழைக்காலம், சளி பிடிக்கும் என்றேன். வெயில்காலம், மண்டை பிளக்கும் என்றேன். தினமும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் போகிறேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி வரைக்கும் மனிதனாக இருப்பேன். மயிலம் ஸ்டேஷன் வந்ததும் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். முருகன் பார்த்துவிடக் கூடாது.

வீட்டில் பால் திரிந்தால் வெண்ணிலா, "முருகன் கேக்குறாரு" என்பாள். குக்கர் விசில் அடிக்காவிட்டாலும் முருகன்தான். அவளுடைய பின்னல் இடுப்புக்குக் கீழே ஒரு முழம் தொங்கும். அதை ஆட்டிக்கொண்டே என் தலையைப் பார்ப்பாள். இவளுக்கு என்ன, இவள் முடியா போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சான் பிரவீன்குமார் ஒசூருக்கு வேலைக்குப் போகும்போது, தன் வீடியோ கேம் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். டிவியில் மாட்டினேன். காடு, மலை, கோட்டை, பூதங்கள். நாமே ஒரு வீரனை உருவாக்கி, பூதவேட்டைக்கு அனுப்ப வேண்டும். பாதி வாள்வீரன், பாதி மந்திரவாதி. முதல் வேட்டையே சதுப்பு நிலத்தில் நிற்கும் சேற்றுப் பூதம். இரண்டு பனைமர உயரம்.

நல்ல சாக்கு கிடைத்தது.

"இந்தப் பூதத்தைக் கொன்னுட்டு மயிலம் போலாம்."

"மூணு வாரமா இதையே சொல்றீங்க."

"பாதியில விட்டா மனசு கேக்காது."

"அப்ப எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். எழுதுவதென்றால் எனக்குப் பிடிக்கும். 'நான் உருவாக்கும் வீரன் கையால் சேற்றுப் பூதம் இறக்குமானால், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை மயிலத்தில் மொட்டை அடித்துக்கொள்வேன். எந்தக் காரணமும் சொல்ல மாட்டேன்.' கீழே சித்தார்த்தன், பி.காம். என்று கையெழுத்து. சாட்சிக்குக் கோவிந்தம்மாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "பூதம் இன்னா ஊரு?" என்று கேட்டார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்பார். ஒரு காது மந்தம் என்று நான் நினைத்திருந்தேன்.

மறுநாள் ரயிலில், கைக்குட்டைக்கு அடியில், எனக்கு அந்த யோசனை வந்தது. பூதம் செத்தால்தானே மொட்டை? சாகாவிட்டால்?

அன்றைக்கே உறுதி எடுத்தேன். தோற்பதற்கென்றே ஒரு வீரனை உருவாக்குவேன்.

இது சாதாரண வேலை இல்லை. சும்மா தோற்றால் வெண்ணிலா கண்டுபிடித்துவிடுவாள். உழைத்துத் தோற்க வேண்டும். இணையத்தில் ஒரு வழிகாட்டி கிடைத்தது. அறுபது பக்கம், முழுக்க ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். நல்ல வேட்டைக்காரனுக்கு எது எது வேண்டும் என்று அட்டவணை போட்டேன். பிறகு அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பினேன்.

மொத்தம் நாற்பது புள்ளி. வலிமைக்கு ஒன்று. மந்திரத்துக்கு ஒன்று. அதற்குக் கீழே கொடுக்க விடவில்லை. வாள் பயிற்சிக்கு ஒன்று. இப்படி உயிர் காக்கும் குணங்களுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு, மிச்சத்தை எதற்கும் உதவாத இரண்டில் கொட்டினேன். மீன்பிடிப்பு, சமையல். சமையலுக்கு மட்டும் இருபது. தீ மந்திரங்களில் மிகச் சிறியதை எடுத்தேன். அதை வைத்து அடுப்புதான் பற்றவைக்க முடியும். ஆயுதப் பட்டியலில் கடைசியாக ஓர் இரும்புக் கரண்டி இருந்தது. ஓர் அடிக்குப் பூதத்தின் உயிரில் ஒன்று குறையும். பூதத்தின் உயிர் மூவாயிரம்.

முடியை மட்டும் நான் குறைக்கவில்லை. தொடை வரைக்கும் தொங்கவிட்டேன். கருங்குழலான் என்று பெயர் வைத்தேன்.

யாராவது வந்து இவனைத் தேற்றிவிடக் கூடாதே என்று, பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'வீரனின் குணங்களை இடையில் மாற்றக் கூடாது.' வெண்ணிலா உடனே சரியென்று தலையாட்டினாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

தினமும் சாயங்காலம் வந்து காபி குடித்துவிட்டுத் தோற்பேன். இரண்டு அடியில் கருங்குழலான் கூந்தல் பறக்கச் சேற்றில் விழுவான். நான் பெருமூச்சு விடுவேன். பொய் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். முயற்சி செய்கிறேன் என்றுதான் சொன்னேன். முயற்சிதான் செய்தேன், தோற்க.

வெண்ணிலா பக்கத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டே பார்ப்பாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"ஏங்க, உங்க ஆளு கையில இன்னாது அது?"

"கதாயுதம்."

"நம்ம வீட்டு சாம்பார் கரண்டி மாதிரி இருக்குது."

"அந்தக் காலத்து கதாயுதம் அப்படித்தான் இருக்கும்."

"சரி. அந்தப் பூதம் ஏன் வாயைத் தொறந்து தொறந்து மூடிக்கினு நிக்குது?"

"கர்ஜிக்குது."

"பசியோ இன்னாவோ."

"பூதத்துக்கு ஏது பசி?"

"எங்கம்மா ஊரு பிரம்மதேசத்துல எங்க எருமை இப்பிடித்தான் தொட்டிகிட்ட நின்னுக்கினு கத்தும். அதுங்கிட்ட போயி யாரும் கதாயுதம் காட்ட மாட்டாங்க."

நான் சிரித்தேன். அறுபது பக்கம் படித்தவன் அல்லவா.

ஒரு புதன்கிழமை மத்தியானம். அலுவலகத்தில் தயிர்சாதத்தைத் திறந்தபோது போனில் ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு டிவி. அதில் சேற்றுப் பூதம் மல்லாந்து கிடக்கிறது. அதன் தொப்பை மேல் கருங்குழலான் நிற்கிறான். கூந்தல் காற்றில் பறக்கிறது. கையில் கரண்டி. படத்துக்குக் கீழே வெண்ணிலா எழுதியிருந்தாள்: 'ஞாயித்துக்கெழமை.'

நான் தயிர்சாதத்தை மூடிவிட்டேன்.

நடந்ததைக் கோவிந்தம்மாள் பிறகு சொன்னார். அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"காத்தால சமையலை முடிச்சிட்டு வெண்ணிலா உக்காந்தா தம்பி. உன் ஆளு தூண்டில் போட்டான். மீனு மீனா வருது. எடுத்தாந்து கொழம்பு வெச்சான். பூதத்து முன்னால குண்டானை வெச்சா, ஒரே வாயி. இன்னொரு குண்டான். இன்னொண்ணு. பாவம், எத்தினி நாள் பசியோ. அப்பிடியே படுத்துக்கினு கொறட்டை வுட ஆரம்பிச்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் கரண்டிதான். மூவாயிரம் அடி. நடுவுல அவளுக்குக் கை நோவுது, 'பேஜாரா இருக்குதுக்கா'ன்னா. நான் கொஞ்ச நேரம் ரிமோட்டை வாங்கிப் போட்டேன் ஐந்நூறு."

"பூதம் முழிச்சிக்கலையா?"

"முழிச்சிக்கும். முழிச்சா இன்னொரு குண்டான் வெப்போம். திரும்பப் படுத்துக்கும். எங்க வூட்டுக்காரரு மாதிரி."

வழிகாட்டியை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. சமையல் இருபதைத் தொட்டால், சாப்பிடும் எந்தப் பிராணியும் தூங்கிவிடுமாம். நான் அறுபது பக்கம் படித்தேன் என்று சொன்னது முழு உண்மை இல்லை. ஐம்பத்தாறு பக்கம். சமையல் அத்தியாயத்தை மட்டும் தள்ளிவிட்டேன். ஆம்பளை எதற்கு அதைப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் வாதாடிப் பார்த்தேன்.

"விளையாடினது நீ. அது செல்லாது."

அவள் பத்திரத்தை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள்.

"'நான் உருவாக்கும் வீரன் கையால்'. அவன் கைதானே? உருவாக்கினது நீங்கதானே?"

"கன்ட்ரோலர் உன் கையில இருந்துச்சு."

"கன்ட்ரோலர் யாரு கையில இருக்கணும்னு எழுதலையே. பி.காம். படிச்சவங்க நீங்க."

"குணத்தை மாத்தியிருப்பே."

"ஒரு புள்ளி மாத்தல. இடையில மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? மாத்தியிருந்தா கெட்டுப் போயிருக்கும். அழகா செஞ்சி வெச்சிருந்தீங்க, சமையலுக்கு இருபது. எனக்காகத்தான் வெச்சீங்கன்னு நெனைச்சேன்."

அந்த வாரம் முழுக்க முடிக்கு எண்ணெய் தடவினேன். கடைசியாக ஒரு மரியாதை. வெள்ளிக்கிழமை ரயிலில் மயிலம் வந்தபோது கைக்குட்டையை எடுக்கவில்லை. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மயிலம் மலை. முடி எடுப்பவர் என் தலையில் தண்ணீர் தெளித்து, தடவிப் பார்த்துவிட்டு, "ஜல்தியா முடிஞ்சிடும் சார், கொஞ்சந்தானே" என்றார். மொட்டையைவிட அந்த வார்த்தை வலித்தது. ஏழு நிமிடம். இருபத்தேழு வருடம். தலையில் காற்று பட்டபோது யாரோ கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. வெண்ணிலா சந்தனம் பூசிவிட்டாள். பிறகு சந்நிதியில் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பக்தி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தோம். வெண்ணிலா உள்ளே போனாள். கோவிந்தம்மாள் வாசலுக்கு வந்து என் தலையைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா இருக்குது தம்பி. உரிச்ச மல்லாட்டை மாதிரி."

"சாமிக்குச் செஞ்சதுங்க."

"செய்யணும், செய்யணும். ஆனா ஒண்ணு. அன்னைக்கி மூவாயிரமாவது அடி போட்டு முடிச்சதும் உன் பொண்டாட்டி பின்னலை எடுத்து மடியில வெச்சிக்கினு, 'அப்பாடா, என் முடி தப்பிச்சுதுக்கா'ன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்கும் விளங்கவில்லை. போனது என் முடி. அவள் முடி எதிலிருந்து தப்பியது? கோவிந்தம்மாளின் மந்தமான காதில் ஏதோ மாறி விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் எதையும் விட்டுவிடுகிறவன் இல்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, திண்டிவனம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, பிரம்மதேசத்தில் இருக்கும் என் மாமியார் லட்சுமியம்மாளுக்குப் போன் போட்டேன்.

"வேண்டுதலை முடிச்சிட்டோம் அத்தை. மொட்டை போட்டாச்சு."

"அய்யோ, என் பொண்ணு முடி போச்சா மாப்ள? இடுப்புக்குக் கீழ தொங்குமே. சின்னதுலேர்ந்து நான் சீயக்காய் தேச்சி வளர்த்த முடியாச்சே."

"அவளுக்கு இல்ல அத்தை. எனக்கு."

"உங்களுக்கு எதுக்கு மாப்ள? உங்களுக்கு வேலை கிடைச்சா தன் தலைமுடியைக் குடுக்கறதாத்தான் அவ வேண்டிக்கினா. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். 'அவ்ளோ முடியை எப்பிடிடி குடுப்பே'ன்னு அப்பவே அவளைக் கேட்டேன். 'அதுக்கு ஒரு வழி பண்ணிக்கறேம்மா'ன்னா."

கோவிந்தம்மாளுக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கிறது.