ஜப்பானியச் சம்பந்திக்கு ஒரு பேஸ்பால் ஆய்வுரை

2024 நவம்பர் 16, சனிக்கிழமை, மதியம். இடம்: கொல்கத்தா, டாக்குரியா, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. இருந்தவர்கள்: நான், என் மகள் சுபா, அவள் மணக்க விரும்பிய கென்ஜி, ஜப்பானிலிருந்து வந்திருந்த கென்ஜியின் தந்தை. நோக்கம்: திருமணத்துக்கு அந்தத் தந்தையின் சம்மதம் பெறுதல். உணவு: சாதம், சாம்பார், அவியல், கரியாஹாட்டில் வாங்கிய மிஷ்டி தொய் என்ற இனிப்புத் தயிர். நிகழ்ச்சி: ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பால் அணி ஒன்றின் கடந்தகால ஆட்டக்காரர் தேர்வுகளைப் பற்றி நான் ஓர் ஆய்வுரை நிகழ்த்தினேன். விருந்தினர் உண்பதை நிறுத்தினார்.

இந்தக் குறிப்பில் பிழை எதுவும் இல்லை. பிழையெல்லாம் குறிப்பெழுதியவரிடம் இருந்தது.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் இல்லறத்தில் எண்கள் என் துறையாகவும், மனிதர்கள் என் மனைவி வசந்தாவின் துறையாகவும் இருந்தன. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் வசந்தா காலமானாள். அவளுடைய துறையைக் கூடுதல் பொறுப்பாக நான் ஏற்றுக்கொண்டேன். (கூடுதல் பொறுப்பு ஏற்கும் அதிகாரியால் ஒரு துறை என்ன கதிக்கு ஆளாகும் என்பதை அரசு அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வந்தவர்களும் அறிவார்கள்.)

ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் சுபா, புறப்படுமுன் தொலைபேசியில் தெளிவாகத்தான் சொன்னாள். "அப்பா, கென்ஜியோட அப்பா அதிகம் பேசமாட்டார். பேஸ்பால்னா மட்டும் வாயைத் திறப்பார். அந்த ஒரு டீம்னா அவருக்கு உயிர். நீங்க அதைப் பத்தி ரெண்டு வார்த்தை கேட்டா போறும்."

இரண்டு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு மணி நேரம் பேசுவதற்கு எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள்.

பேஸ்பாலைப் பற்றி நான் அறிந்தது, அது கிரிக்கெட் அல்ல என்பது மட்டுமே. ஆகவே ஆட்டத்தை விட்டுவிட்டு, எனக்குப் புரியக்கூடிய ஒரு மூலையைத் தேடினேன், கிடைத்தது. அங்கே ஆண்டுதோறும் எல்லா அணிகளும் கூடிப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஒரே இளைஞனைப் பல அணிகள் முதல் விருப்பமாகக் கேட்டால், பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்கிறார்கள். சீட்டு விழாத அணி வேறொருவனைக் கேட்க வேண்டும். அவனுக்கும் போட்டி வந்தால் மறுபடியும் சீட்டு. நம் சோழர் காலத்துக் குடவோலை கடல் கடந்து வேலைக்குப் போயிருக்கிறது என்று நான் பரவசமடைந்தேன். அந்த அணி பல ஆண்டுகளாக யாரை எடுத்தது, எடுக்கப்பட்டவர் பிற்பாடு என்ன சாதித்தார் என்பதையெல்லாம் இயந்திர மொழிபெயர்ப்பின் துணையோடு திரட்டினேன். ஒவ்வொருவரையும் மூன்றில் ஒரு வகுப்பில் வைத்தேன்: உருப்பட்டது, சுமார், வீண். (அணியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அதன் ரசிகர்களுக்கு ஏற்கெனவே போதிய துன்பம் இருக்கிறது.)

குற்றம் கண்டுபிடிப்பது விருந்தோம்பலாகுமா என்ற ஐயம் எனக்கும் எழாமலில்லை. கீழ்த்தளத்து தத்தா பாபுவிடம் கேட்டேன். அவர் தன் கால்பந்து கிளப்பை நாள்தோறும் காலைத் தேநீரோடு சேர்த்துத் திட்டுபவர். "கிளப்பைத் திட்டாதவன் டிக்கெட் வாங்கினவன் மொஷாய், திட்டுறவன்தான் சொந்தக்காரன்" என்ற பொருளில் வங்காளியில் சொன்னார். இந்த ஊரில் அரை நூற்றாண்டு வாழ்ந்த எனக்கு அது உலகப் பொதுவிதியாகத் தோன்றியது. ஆய்வுரையைத் தொலைக்காட்சித் திரையில் காட்ட ஏற்பாடு செய்தேன்.

அகன்ற தோளும் அளவான புன்னகையுமாகக் கென்ஜியின் தந்தை வந்தார். மேல்கோட்டைக் கழற்ற மகன் உதவினான். இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். இடக்கைப் பழக்கம் உடையவர் என்று குறித்துக்கொண்டேன். உற்றுநோக்கல் என் தொழில்.

நான் ஆங்கிலத்தில் பேச, கென்ஜி ஜப்பானிய மொழியில் சொன்னான். முதலில் சரியாகத்தான் போயிற்று. வீண் என்ற வகுப்புக்கு நான் நகர்ந்ததும், என் நீண்ட வாக்கியங்கள் அவன் வாயில் நான்கைந்து சொற்களாகச் சுருங்கத் தொடங்கின. ஜப்பானிய மொழி இத்தனை சிக்கனமானது என்று நான் வியந்தேன். அந்தப் பையன் என் உரையை அல்ல, தன் திருமணத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் விளங்கிற்று.

"அப்பா, சாப்பிடுங்கோ. ஆறிடறது" என்றாள் சுபா.

"அவியல் ஆறினா ஒண்ணும் ஆகாது" என்றேன்.

விருந்தினர் முன்னிலையில் நான் எல்லை மீறும்போது மேஜைக்கடியில் என் காலை மிதிப்பது வசந்தாவின் வழக்கம். அன்று ஒருவரும் மிதிக்கவில்லை. ஆகவே எல்லாம் நன்றாகப் போகிறது என்று முடிவு செய்தேன்.

ஆய்வின் மகுடத்துக்கு வந்தேன். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் அந்த அணி முதல் சீட்டில் தோற்று, இரண்டாம் சீட்டிலும் தோற்று, மூன்றாவதாக ஒரு பள்ளி மாணவனை எடுத்திருந்தது. பந்து வீச்சாளன். முதன்மை அணிக்காக அவன் பெற்ற வெற்றிகள்: பூஜ்யம். "அந்த ஆண்டு எவரையும் எடுக்காமல் இருந்திருந்தாலும் அணிக்கு நஷ்டமில்லை" என்று சொல்லி, உச்சரிப்பைத் தனியாகப் பயின்று வைத்திருந்த அவனுடைய முழுப்பெயரை நிறுத்தி நிதானமாக உச்சரித்தேன். (அதை இங்கே எழுதமாட்டேன், ஒருமுறை சொன்னதே என் ஆயுளுக்குப் போதும்.)

கென்ஜி மொழிபெயர்க்கவில்லை. பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. பூஜ்யத்துக்கும் தேவையில்லை, அதை நான் விரலை வளைத்தே காட்டியிருந்தேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது என் அப்பா" என்றான் கென்ஜி.

குடும்பப் பெயர் வேறாயிற்றே என்றேன். நம்மூரில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவன் மானத்தை மட்டும் கொடுத்தால் போதும்; அங்கே பெயரையும் கொடுத்துவிடுவதுண்டாம். முதல் ஆண்டிலேயே வலத்தோள் போய்விட, அவர் சோயா சாஸ் தயாரிக்கும் ஒரு குடும்பத்தில் பெண் எடுத்து அவர்களுடைய பெயரையே தரித்துக்கொண்டிருக்கிறார். பழைய பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை என்பதால் கென்ஜி சுபாவிடமும் சொன்னதில்லை. அந்தப் பெயரைத்தான் நான் டாக்குரியாவில் வைத்து, திருத்தமான உச்சரிப்போடு, வீண் என்ற தலைப்பின் கீழ் வாசித்திருந்தேன்.

அவர் மகனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"ஹோட்டலுக்குப் போலாம்னு சொல்றார்" என்றாள் சுபா. அந்த ஹோட்டலிலிருந்து அவர் நேரே விமான நிலையத்துக்குப் போவார் என்பதும், போனபின் இந்தத் திருமணப் பேச்சு மறுபடி எழாது என்பதும் எனக்கே புரிந்தது.

நிலைமையைச் சீர்செய்ய முற்பட்டேன். அவர் ஆடிய ஆட்டங்கள் மிகச் சில. மாதிரி சிறிதாக இருக்கும்போது மதிப்பீட்டில் பிழை பெரிதாக இருக்கும். ஆகவே அவர் உண்மையில் இதைவிட நன்றாகவோ மோசமாகவோ இருந்திருக்கலாம் என்று விளக்கினேன்.

"அப்பா, நீங்க இனிமே வாயைத் திறக்கப்படாது" என்றாள் சுபா. பிறகு எழுந்து நின்று அவரிடம் ஜப்பானிய மொழியில் பேசினாள். எனக்குப் புரிந்தவை 'பேங்க்', 'என்ஜினியர்' என்ற இரண்டு சொற்களும், அவள் உயர்த்திக் காட்டிய மூன்று விரல்களும்தான். அவை போதுமானவையாக இருந்தன.

"என்னடி சொன்னே?"

"நீங்க எத்தனாவது சீட்டுன்னு சொன்னேன்."

வசந்தாவுக்கு அவள் அப்பா முதலில் பார்த்தது ஒரு வங்கி அதிகாரி. அவரை வேறொரு வீட்டார் கொத்திக்கொண்டு போனார்கள். அடுத்து துர்காபூரில் ஓர் என்ஜினியர், அவரும் கைநழுவினார். மூன்றாவதாக, வேறு எவரும் போட்டியிடாத நிலையில், கல்கத்தாவில் ஒரு கல்லூரி விரிவுரையாளர் எடுக்கப்பட்டார். இதை வசந்தா எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தினருக்கும் ரசம் ஊற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் ஆதாரமற்றது என்று மறுத்திருக்கிறேன்.

விருந்தினர் என்னை முதன்முறையாக அக்கறையோடு பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ரெண்டு பேரும் அப்புறம் என்ன ஆனான்னு கேக்கறார்."

தரவுகளை மறைப்பது என் வழக்கமல்ல. வங்கி அதிகாரி பொது மேலாளராக ஓய்வு பெற்றார் என்றும், என்ஜினியர் சொந்தத் தொழிற்சாலை வைத்தார் என்றும் சொன்னேன்.

"நீங்களாம்?"

"இணைப் பேராசிரியரா ரிடையர் ஆனேன்னு சொல்லு."

அதை அவர் சிறிது நேரம் யோசித்தார். பின்பு இடக்கை விரலை வளைத்து, நான் காட்டியதைப் போலவே ஒரு பூஜ்யம் செய்து, மேஜைக்கு மேலாக என் பக்கம் நீட்டினார். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு அவியல் பாத்திரத்தைச் சுட்டினார். சாப்பிட்டு முடித்தபின் அவர் சொன்னதைச் சுபா கொஞ்சம் தடுமாறித்தான் தமிழில் சொன்னாள்.

"சம்மதமாம். ஒரே ஒரு கண்டிஷன். அவர் பிள்ளைக்கு நீங்க மார்க் போடப்படாதாம்."

ஒப்புக்கொண்டேன். கல்யாணம் நடந்தது. சம்பந்திக்கு இன்று தமிழில் ஒரே ஒரு வாக்கியம் தெரியும், சுபா கற்பித்தது. ஞாயிறுதோறும் காணொளியில் தோன்றி, "மூணாம் சீட்டு, சௌக்யமா?" என்கிறார். தத்தா பாபு அதற்கு வங்காளி வடிவம் கண்டு பாடா முழுதும், அதாவது எங்கள் பேட்டை முழுதும், பரப்பிவிட்டார். மீன்காரர் வரைக்கும் நான் இப்போது மூன்றாம் சீட்டுதான். நான் மீன் வாங்குவதுகூட இல்லை.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

ஆய்வுரையை அழிப்பது. சம்பந்தி பிரதி கேட்டிருப்பதாகச் சொல்லிச் சுபா தடுக்கிறாள்.

பேஸ்பாலின் விதிகளைக் கற்பது.

வசந்தாவின் புடவைகளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது.

அந்த மூன்றாவது சீட்டை எடுத்தது அவள் அப்பாவின் கையா, அவள் கையா என்று அவளிடம் கேட்பது.