அனுமதிக்கு உட்பட்ட ஆந்த்ராக்ஸ்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் ஆரோக்கியசாமி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வீட்டில் செத்துப்போன ஆட்டைக் கூறுபோட உதவினார். சில நாளில் முன்கையில் கறுப்பாக ஒரு புண். வலி இல்லை, ஆகவே கவலையும் இல்லை. கை தோள்வரை வீங்கி, காய்ச்சலில் அவர் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் மனைவி ஆக்னஸ் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

டாக்டர் ரோகிணி புண்ணைப் பார்த்ததுமே சொன்னார்: "ஆந்த்ராக்ஸ். ஆட்டுக்கு வர்ற அடைப்பான் நோய். ரத்தத்துல பரவிடுச்சு, மூளைக்கும் போயிருக்கலாம். மூணு ஆன்டிபயாடிக்கைச் சேர்த்து நரம்புல ஏத்தணும், இப்பவே."

அவற்றில் இரண்டு, ஆன்டிபயாடிக் சிக்கனக் குழுவின் அனுமதிக்கு உட்பட்டவை. குழுத் தலைவர் டாக்டர் பத்மநாபன், நாட்டில் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது குறித்து ஆழ்ந்த மனவேதனையில் இருந்தவர்.

"ஆந்த்ராக்ஸ்னு லேப் உறுதி செய்யட்டும். தர்றேன்."

லேப் பொறுப்பாளர் சந்தானம் ரத்தக் குப்பியைத் தொடவே இல்லை. "ஆந்த்ராக்ஸா இருந்தா இங்க திறக்கக் கூடாது மேடம். ஆபத்தான கிருமி. ஆந்த்ராக்ஸ் இல்லைன்னு எழுதிக் கொடுங்க, உடனே டெஸ்ட் பண்றேன்."

"இல்லைன்னா டெஸ்ட் எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

ரோகிணி தலைவரிடம் திரும்பி ஓடினார். "சார், பிரஷர் இறங்குது."

"அனுமதி வரும்வரை நோயாளியின் நிலை மோசமடையாமல் பார்த்துக்கொள்ளவும்."

"கிருமிக்குச் சொல்லி அனுப்பட்டுமா சார்?"

பதிலுக்கு ரோகிணி காத்திருக்கவில்லை. ஐ.சி.யு.வின் அவசர அலமாரியைத் திறந்து சிப்ரோஃப்ளாக்சசின், மெரோபெனம், லினசோலிட் மூன்றையும் ஏற்றிவிட்டார். ஆக்னஸ் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜெபமாலையோடு நின்றார். மெல்ல வீக்கம் வடிந்தது. ஆரோக்கியசாமி கண்விழித்து டீ கேட்டார்.

குழு அவசரமாகக் கூடியது. நோயாளி பிழைத்துவிட்டபடியால் அது ஆந்த்ராக்ஸாக இருந்திருக்க முடியாது என்று ஒருமனதாகத் தீர்மானித்து, ரோகிணியிடம் விளக்கம் கேட்டது.

டிஸ்சார்ஜ் அன்று பத்மநாபன், சந்தானத்தோடு வார்டுக்கு வந்து, ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விழுங்குவதன் தீமைகளை எடுத்துரைத்தார். நடுவில் தும்மினார்.

ஆக்னஸ் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார். "சிப்ரோ சார். எங்க கல்லி முனை மெடிக்கல்ல டாக்டர் சீட்டெல்லாம் கேக்க மாட்டான்."

"ஜலதோஷத்துக்கு அது நக்கோம்மா, வேணாம். அசித்ரோமைசின்தான் கேக்கும்," என்று சந்தானம் சட்டைப்பையைத் துழாவினார்.

"இருக்கட்டும்," என்றார் பத்மநாபன். "காலையிலேயே போட்டுக்கிட்டேன்."

ரோகிணிக்குத்தான் கோபம் வந்தது. "ஜலதோஷம் வைரஸ். அதுக்கு ஆன்டிபயாடிக் எதுக்கு?" என்றவருக்கும் தும்மல் வந்தது. கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தார். கூடவே ஓர் அசித்ரோமைசின் அட்டை தரையில் விழுந்தது. பாதி காலி.

எல்லாரும் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.