அம்பிகைபாகனார் ஆற்றிய தொண்டு

பினாங்குத் தமிழர் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: பெருந்தொண்டர் அம்பிகைபாகனாருக்கு முன், அம்பிகைபாகனாருக்குப் பின். எந்த இடத்தில் கோடு போடுவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

குறிப்பாக, ஜார்ஜ்டவுன் ஞானசோதி வாசகசாலையின் செயலாளர் கோகுலனுக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் மேசையில் ஒரு படிவம் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம், அதைக் கொண்டுவந்த மரபுடைமைத் துறை அதிகாரி ஹன்னா இருந்தார்.

"நிறுவனர் பெயர் எழுதியாச்சு. அடுத்த கட்டம். அவர் என்ன செய்தார்?" என்று மலாயில் கேட்டார் ஹன்னா.

"பெரிய மனிதர்."

"சரி. என்ன செய்தார்?"

"தொண்டு செய்தார்."

"என்ன தொண்டு?"

கோகுலன் சுவரைப் பார்த்தார். சந்தன மாலையும் சீரியல் பல்புமாக அம்பிகைபாகனார், கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, கோகுலனைத் திருப்பிப் பார்த்தார். உதவி செய்கிற பார்வையாக அது இல்லை.

கட்டடத்தைப் புதிதாக வாங்கியவர் அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கான காப்பிக்கடையாக மாற்றப் போகிறார். மாத முடிவுக்குள் வாசகசாலை காலி செய்ய வேண்டும். வாசலில் அரசாங்கத்தின் நினைவுப் பலகை ஏறிவிட்டால் மட்டும் யாராலும் அசைக்க முடியாது. காலி செய்தால், சாயங்காலம் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் முப்பது பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்த முப்பதில் ஒருத்தி கோகுலனின் மகள் ரூபினி.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன். ஒரு வரி இருந்தால் போதும், பலகை கிடைத்துவிடும். ஆனால் உண்மையான வரியாக இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஹன்னா கிளம்பினார்.

ஒரு வரிதானே என்று கோகுலன் அலமாரியைத் திறந்தார். அம்பிகைபாகனார் நினைவு நாளுக்கு ஆண்டுதோறும் வெளியிட்ட சிறப்பு மலர்கள் நாற்பத்தொன்று இருந்தன. முதல் மலரில், 'அன்னார் ஆற்றிய தொண்டு சொல்லில் அடங்காது' என்று இருந்தது. இரண்டாவது மலரில், 'அன்னாரின் தொண்டை அறியாதார் யார்?' என்று இருந்தது. பதினேழாவது மலரில் ஆறு பக்கக் கட்டுரை கிடைத்தது. கோகுலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்தே முக்கால் பக்கம் கட்டுரையாளர் தம்மைப் பற்றி எழுதிவிட்டு, 'அம்பிகைபாகனாரைப் பற்றி மற்றவர்கள் விரிவாக எழுதியிருப்பதால் இத்துடன் முடிக்கிறேன்' என்று முடித்திருந்தார்.

தலைவர் மேடைமணி ஜெயராஜுக்குப் போன் போட்டார். மேடைமணி என்பது பட்டம். கொடுத்தது யார் என்று கேட்டால் ஜெயராஜுக்குக் கோபம் வரும்.

"தலைவரே, அம்பிகைபாகனார் என்ன செஞ்சாரு?"

"யோவ், முப்பத்திரண்டு வருஷமா நினைவு நாள்ல பேசுறேன். என்கிட்டயே கேக்குறியா?"

"அதான் உங்ககிட்ட கேக்குறேன். என்ன பேசினீங்க?"

"உணர்ச்சியா பேசினேன்."

"எதைப் பத்தி?"

"போன வருஷம் நான் பேசுறப்ப நீயே கண்ணைத் தொடச்சியே!"

"ஃபேன் தூசி தலைவரே."

"கோகுலா, பெரியவங்களை ஆராயக்கூடாது. வணங்கணும். வாட்ஸ்அப் குரூப்ல போடு, நம்ம ஆளுங்க சொல்லுவாங்க."

போட்டார். அரை மணி நேரத்தில் நாற்பது பதில்கள் வந்தன.

'தொழிலாளிகளுக்காக ஜெயிலுக்குப் போனவர்' என்றார் ஒருவர். 'ஜெயில்ல வார்டரா இருந்தவர் லா' என்றார் இன்னொருவர். 'தாசேக் கெலுகோர்ல கள்ளுக்கடையை மூட வெச்சவர்' என்று ஒரு பதில். 'அந்தக் கள்ளுக்கடையே அவருதுதான்' என்று அதற்குக் கீழே ஒரு பதில். 'தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில மோர்ப்பந்தல் போட்டவர்' என்றார் மூன்றாமவர். நடுவில் யாரோ ஒரு ரோஜாப்பூவை அனுப்பிக் காலை வணக்கம் சொன்னார். அப்போது மாலை ஐந்து மணி.

கோகுலனுக்குத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. அங்கே படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். ஆகவே வந்த பதில்களில் கௌரவமாகப் பட்ட எல்லாவற்றையும் ஹன்னாவின் படிவத்தில் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் தேதி கேட்டிருந்தது. அம்பிகைபாகனார் படச்சட்டத்தின் கீழே ஒரே ஒரு தேதிதான் இருந்தது: 14.3.1931. அந்த நாளில்தான் வாசகசாலை ஆண்டுதோறும் நினைவு நாள் கொண்டாடுகிறது. வேறு தேதி அகப்படாததால் அதையே எல்லாக் கட்டத்திலும் போட்டு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் காலை ஹன்னா அழைத்தார்.

"மிஸ்டர் கோகுலன், ஒரு சந்தேகம். இவர் ஒரே நாளில் தாசேக் கெலுகோரில் கள்ளுக்கடை மறியல் செய்து, சிறைக்குப் போய், தண்ணீர்மலையில் மோர்ப்பந்தல் போட்டு, இறந்தும் போயிருக்கிறார்."

"சுறுசுறுப்பான மனிதர்."

"தைப்பூசம் மார்ச் மாதத்திலா வரும்?"

கோகுலன் காலண்டரைப் புரட்டினார்.

"இவர் ஒருவர்தானா? அல்லது நான்கு பேரா?"

அதுவரை ஒருவர்தான் என்று உறுதியாக இருந்த கோகுலனுக்கு இப்போது அதுவும் குழம்பியது.

"குடும்பத்தார் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள். அவர்கள் சொன்னால் எழுதிக்கொள்கிறேன். இல்லையென்றால் இந்தக் கோப்பை மூட வேண்டியதுதான்."

கோகுலன் தலையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். மனைவி சுபாஷினி தட்டை நகர்த்தி வைத்தாள்.

"பசியாறுங்க முதல்ல. யாரைத் தேடுறீங்க?"

"அம்பிகைபாகனார் வாரிசு."

"துஷ்யந்தி டீச்சரையா?"

"யாரு?"

"புக்கிட் மெர்தாஜாம்ல இருக்காங்க. எங்க கிளினிக்குக்கு மாசாமாசம் சுகர் பாக்க வருவாங்க. எங்க தாத்தா படம் பினாங்குல ஒரு வாசகசாலையில மாட்டியிருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

"இதை ஏன் நீ எங்கிட்ட சொல்லல?"

"நாற்பது பேர்கிட்ட கேட்டீங்க. என்கிட்ட கேட்டீங்களா?"

துஷ்யந்தி டீச்சரின் குரல் போனிலேயே வகுப்பறையை அமைதியாக்கும் குரல். யாழ்ப்பாணத்துக் குடும்பம்.

"வாறன் தம்பி. ஆனா எங்கட வீட்டில ஆரும் அங்க வந்ததில்லை. அப்பப்பாவுக்கு அது விருப்பமில்லை."

தந்தையின் தந்தையை அவர்கள் அப்பப்பா என்பார்கள். விளம்பரம் விரும்பாத மகான் என்று புரிந்துகொண்டு கோகுலன் நெகிழ்ந்தார். நெகிழ்ந்ததோடு நிற்காமல் தலைவரிடமும் சொல்லிவிட்டார். அது தவறு.

சனிக்கிழமை பத்து மணிக்கு வாசகசாலை வாசலில் நாதஸ்வரம் ஒலித்தது. வாழைமரம் கட்டியிருந்தது. காடியிலிருந்து இறங்கிய துஷ்யந்தி டீச்சருக்கு மாலை, பொன்னாடை, மறுபடி மாலை. அவர் படத்தருகே போய், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எரிகிற குத்துவிளக்கையும் தாத்தாவையும் நெடுநேரம் பார்த்தார்.

"அழுறாங்க" என்றார் ஜெயராஜ், கோகுலன் காதில்.

"சிரிக்கிற மாதிரி இருக்கு தலைவரே."

"ஆனந்தம்யா அது."

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். ஓரிடத்தில் பினாங்குப் பாலத்துக்கே வித்திட்டவர் அம்பிகைபாகனார் என்றார். கைதட்டல் விழுந்ததால் அதை இரண்டாம் முறையும் சொன்னார். ஹன்னா கைக்கடிகாரத்தைப் பார்த்து, பேனாவைத் திறந்து, டீச்சர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"உங்கள் தாத்தா 1931 மார்ச் பதினான்காம் தேதி இறந்தார். சரியா?"

"இல்லையே" என்றார் டீச்சர் மலாயில். "அறுபத்தெட்டில். நான் அப்போது இடைநிலைப் பள்ளியில் படித்தேன்."

நாதஸ்வரக்காரர் எதற்கோ ஒரு முறை ஊதி நிறுத்தினார்.

ஜெயராஜ் எழுந்தார். "உடல் அறுபத்தெட்டிலே மறைந்திருக்கலாம்..."

"உக்காருங்க தலைவரே" என்றார் கோகுலன். முப்பத்திரண்டு ஆண்டுகளில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஜெயராஜ் உட்கார்ந்துவிட்டார்.

"இறக்கவில்லை என்றால் அந்தத் தேதியில் என்ன நடந்தது?" என்று கேட்டார் ஹன்னா. "இந்த வாசகசாலைக்கு அவர் செய்தது ஒன்றே ஒன்று சொல்லுங்கள். இங்கே எழுதிவிடுகிறேன்."

கூடம் முழுவதும் டீச்சரைப் பார்த்தது. பின்வரிசையில் வீட்டுப்பாடப் புத்தகத்தை மடியில் வைத்திருந்த ரூபினியும் பார்த்தாள். டீச்சர் ஹன்னாவின் பேனாவைப் பார்த்தார், கோகுலனின் முகத்தைப் பார்த்தார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"தம்பி, இதை நீங்களே ஏதும் பாத்து மலாயில சொல்லிவிடுங்கோ. அப்பப்பாதான் அப்ப இந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். அண்டைக்கு உங்கட ஆக்களை வெளியில போகச் சொல்லத்தான் வந்தவர். அவரைக் குளிர வைக்கிறம் எண்டு, உயிரோட இருக்கிற மனுசன்ர படத்தை மாட்டி, மாலை போட்டு, விளக்கும் கொளுத்தி வச்சிருந்தவையாம். அதைப் பாத்துப் பயந்து ஓடினவர், சாகுமட்டும் இந்தத் தெருப்பக்கம் வரயில்லை."