பூட்ஸுக்குள் புகுந்த அந்நியன்

ராணுவக் கொள்முதல் அலுவலகத்தில் அன்று காலை, கணினித் திரையில் படைக்கு பூட்ஸ் தரும் கம்பெனியின் பெயர் சிவப்பாக எரிந்தது. படைக்குச் சரக்கு கொடுப்பவர்களின் பங்குதாரர், பணப்போக்கு, பயணம் எல்லாவற்றையும் அலசி, எதிரி நாட்டின் கை எங்கே இருக்கிறதென்று மோப்பம் பிடிக்கும் கணினி நிரல் காட்டிய சிவப்பு அது. அந்த நிரலை எழுதியவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் சல்லடை.

சல்லடை துருவிப் பார்த்தாள். பூட்ஸ் முதலாளியின் சம்பந்தி எதிரி நாட்டுக்குச் சுற்றுலா போயிருக்கிறார். அவ்வளவுதான். இதில் ஒன்றுமில்லை என்று சொல்ல பிரிகேடியரிடம் ஓடினாள். அவரோ அதற்குள் அமைச்சருக்குப் போன் போட்டு மார்தட்டியிருந்தார். கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது.

அடுத்த கம்பெனி பூட்ஸ் ஒட்டும் பசையை எதிரி நாட்டில் வாங்கியது. அதற்கும் பூட்டு. பொறுக்காமல் நிரலின் விதிகளைத் தளர்த்தினாள். யாரைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. பயந்துபோய் முன்னைவிட இறுக்கினாள். இப்போது கோட்டு, கூடாரம், காலுறை எல்லாம் சிவந்தன. பிரிகேடியருக்குப் பதக்கம் கிடைத்தது.

பனி விழத் தொடங்கியது. எல்லையில் காவல் நின்ற அவள் தம்பி போன் செய்தான். குரலில் கோபமே இல்லை.

"காலுக்குச் சாக்கு சுத்திக்கிட்டு நிக்கிறோம்க்கா. பூட்ஸ் எப்ப வரும்?"

"யார்கிட்ட வாங்கறதுன்னு பார்த்துக்கிட்டு இருக்கோம்டா."

"நிதானமா பாருங்க. விரல்தான் மரத்துப்போச்சே, வலிக்கலை."

மறுபடி அவன் பேசியது ஆஸ்பத்திரியிலிருந்து. வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். இனிமேல் ஒற்றை பூட்ஸ் அனுப்பினால் போதும், அரசாங்கத்துக்குப் பாதிச் செலவு மிச்சம் என்றான். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் போனை வைத்தாள்.

நிரலை நிறுத்திவிடலாம் என்று பிரிகேடியரிடம் கெஞ்சினாள். அவர் கேட்பதாயில்லை. எல்லைக்கருகே எதிரியின் உளவாளி ஒருவன் சிக்கியிருந்தான். அவன் ஆட்கள் எந்த வழியில் நுழைகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நிரலை இன்னும் கூர்மையாக்கச் சொல்லி அவன் இருந்த சிறைக்கு அவளை அனுப்பினார்.

உளவாளி சளி பிடித்த, மரியாதையான ஆள். மறைக்க ஒன்றுமில்லை என்று மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"உங்க படைக்குச் சரக்கு போறதைத் தடுக்கத்தான் என்னை அனுப்பினாங்க. வந்து இறங்கினதுமே திரும்பி வரச் சொல்லிட்டாங்க. நம்மாளு யாரோ ஏற்கெனவே உள்ள இருக்காரு, நம்மளவிட நல்லா பண்றாரு, குறுக்க போகாதேன்னாங்க. திரும்பிப் போற வழியிலதான் மாட்டிக்கிட்டேன்."

பிறகு காவலருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"அவர் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, பத்திரமா இருக்கச் சொல்லுங்கம்மா."