கல்திட்டை எண் பதினேழு: மாற்றமில்லை

மனித குலம் இதுவரை நிறுவிய அலுவலகங்களில், தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புத் துறையின் வட்ட அலுவலகத்துக்கு இணையாகச் சொல்ல இன்னொன்று கிடையாது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ சிலர், கையில் ஒரு கடப்பாரைகூட இல்லாமல், ஆள் உயரக் கற்களைத் தூக்கி நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லைப் போட்டு மூடி, உள்ளே தங்கள் இறந்தவர்களை வைத்துவிட்டுப் போனார்கள். அதெல்லாம் ஒரு வேலையா? அந்தக் கல்லறைகளுக்கு எண் கொடுத்து, பட்டியலில் ஏற்றி, வருடா வருடம் மூன்று படிகளில் அறிக்கை அனுப்பிப் பாருங்கள். உழைப்பு என்றால் என்ன என்று அப்போது தெரியும்.

அந்த உழைப்பை இந்த வட்டத்தில் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: 'மாற்றமில்லை'.

வட்டத்தில் இப்படிப்பட்ட கல்லறைகள், அதாவது கல்திட்டைகள், மொத்தம் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது கட்டங்கள் கொண்ட ஆண்டறிக்கை. முதல் கட்டத்தில் எண், இரண்டாவதில் இடம், மூன்றாவதில் கற்களின் விவரம், அப்படியே போய் ஒன்பதாவதில், 'உள்ளே மனித எச்சங்கள் உண்டா? எத்தனை? எந்த நிலையில்?' என்று முடியும். தலைமை எழுத்தர் போன வருட அறிக்கையை எடுத்து, வருடத்தை மட்டும் திருத்தி, ஒன்பது கட்டத்திலும் 'மாற்றமில்லை' என்று போடுவார். அதன் அடியில் 'நேரில் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது ஆய்வு உதவியாளரின் கடமை. அவள் அந்தக் கடமையை ஆறு வருடங்களாகத் தவறாமல் செய்து வந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். "நேர்ல போய்ப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடட்டுமா சார்?"

தலைமை எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். எதையும் 'மேற்படி' இல்லாமல் சொல்லத் தெரியாதவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'மேற்படி' என்றே பெயர். "மேற்படி கல்லுங்க நாலாயிரம் வருஷமா ஒரே இடத்துல நிக்குதும்மா. நீங்க சேர்ந்த வருஷம் பார்த்து எங்க கிளம்பிப் போயிடப் போகுது?"

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று அவளுக்கு அன்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் முதல் மாதத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டாள். கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருடம் கை தானாகவே போட்டது.

இப்படிப்பட்ட அலுவலகத்தைத் தேடி விருது வராமல் இருக்குமா? வந்தது. தலைமையகம் 'குறையற்ற காவல்' என்று ஒரு கேடயம் ஏற்படுத்தியிருந்தது. நாடு முழுவதுமுள்ள அறிக்கைகளைக் கணினியில் போட்டு அலசியதில், இருபது ஆண்டுகளாக ஒரு புகார், ஒரு பழுது, ஒரு பார்வையாளர்கூட இல்லாத ஒரே சின்னம் கல்திட்டை எண் பதினேழு என்று தெரியவந்ததாம். நிபுணர் குழுவின் தலைவி பதினைந்து நாளில் நேரில் வந்து பார்த்துக் கேடயத்தை வழங்குவார்.

இயக்குநர் உடனே கூட்டம் போட்டார். ஓட்டுநரைத் தவிர, அவரையும் சேர்த்து அலுவலகத்தின் பதினான்கு பேரும் இருந்தார்கள். 'தொலைநோக்கு', 'செயல்திட்டம்', 'செல்ஃபி எடுக்குமிடம்' என்று திரையில் படம் காட்டி முடித்தபின், "பதினேழை யாரெல்லாம் பார்த்திருக்கீங்க?" என்று கேட்டார்.

எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"சரி, அறிக்கையில யாரு கையெழுத்து?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

மறுநாள் அவள் ஜீப்பில் கிளம்பினாள். ஓட்டுநர் துறையில் இருபத்தைந்து வருடம் ஆனவர். வழி கேட்காமலே புதர்க்காட்டுக்குள் வண்டியை விட்டு, ஒரு மேட்டில் நிறுத்தினார். மேட்டில் கல் இல்லை. கல் நின்ற இடத்தில் குழிகள் மட்டும் இருந்தன. அவற்றில் மழைத்தண்ணீர் தேங்கி, தவளை ஒன்று குடும்பத்தோடு குடியிருந்தது.

அவள் மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வேலை போய்விடும் என்று முதலில் தோன்றியது. வேலை போவதைவிட, பார்க்காததைப் பார்த்தேன் என்று ஆறு தடவை எழுதியவள் என நாலு பேர் முன்னால் நிற்க வேண்டுமே என்பதுதான் அவளை உலுக்கியது. ஜீப்பின் நிழலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"எதுக்கும்மா அழறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"பதினேழைக் காணோம் அண்ணே."

"காணோமா? நேத்து மத்தியானம்கூட அதுலதான டிபன் பாக்ஸ் கழுவுனீங்க."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் நிதானமாக விளக்கினார். இருபது வருடத்துக்கு முன்னால் புது அலுவலகம் கட்டும்போது ஒப்பந்தக்காரருக்குக் கல் போதவில்லை. யாரோ இந்த மேட்டைக் காட்டினார்கள். பக்கக் கல் இரண்டும் வாசல்படி ஆயின. பின்பக்கக் கல் பதிவறைக்கு நிலைப்படி ஆனது. மேல்மூடிக் கல் இயக்குநர் அறைக்கு அடியில் போனது. "அதனாலதான் ஐயா ரூம் மட்டும் விரிசல் விடல. முன்னால நின்ன கல்லுல நடுவுல வட்டமா ஒரு ஓட்டை இருந்துச்சு. தண்ணி போறதுக்குத் தோதா இருக்குன்னு கை கழுவுற இடத்துல படுக்கப் போட்டுட்டாங்க. நான்தான் லாரியில ஏத்திட்டு வந்தேன்."

"இதை ஏன் அண்ணே இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா. நான் டிரைவர்தான."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவள் நேராகக் கொல்லைப்புறம் போனாள். ஆறு வருடம் பாத்திரம் கழுவிய கல்லை அன்றுதான் பார்த்தாள். ஓட்டைக்குள் கையை விட்டாள். தோள்வரை போனது. உள்விளிம்பு வழவழவென்று இருந்தது. இரும்பு இல்லாத காலத்தில், கல்லைக் கல்லால் தேய்த்து, இந்த வழவழப்பை யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் தங்கள் மனிதருக்கு வெளியே இருந்து எதையாவது கொடுப்பதற்கு அந்த வழி. கையை வெளியே எடுத்தபோது விரலில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, இரண்டும் தன் மேலேயே வந்தன.

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பெரிய நிர்வாகிகள் அப்படித்தான் கேட்பார்கள்.

"ஆக, கல்லு தொலையல."

"இல்ல சார்."

"நம்ம பொறுப்புலதான் இருக்கு. சொல்லப்போனா நம்ம கால் படுற இடத்துலயே வச்சுப் பாதுகாத்திருக்கோம். இதைவிடக் காவல் என்ன வேணும்?"

"அதை அப்படியே மேடத்துகிட்ட சொல்லிடலாமா சார்?"

இயக்குநர் கண்ணைத் திறந்தார். "நீங்க சின்னப் பொண்ணும்மா."

"மேற்படி கட்டடம் கட்டும்போது நான் மருத்துவ விடுப்புல இருந்தேன்" என்று தலைமை எழுத்தர், யாரும் கேட்காமலே, பதிவு செய்துகொண்டார்.

துறை செயலில் இறங்கியது. பத்தே நாளில் அந்த மேட்டில் சிமெண்ட்டால் ஓர் 'அசல்' கல்திட்டை எழும்பியது. நாலாயிரம் வருடத்துக்கு முந்தையவர்கள் எத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்களோ, பாவம், அவர்களிடம் நிர்வாகத் திறன் இருந்திருக்காது. ஒப்பந்தக்காரர், "ஓரத்துல டைல்ஸ் போட்டா எடுப்பா இருக்குமே சார்" என்று ஆசைப்பட்டதை இயக்குநர் வரலாற்று உணர்வோடு மறுத்துவிட்டார். பாசி சீக்கிரம் பிடிக்கட்டும் என்று மேலே வாளி வாளியாகத் தயிர் பூசினார்கள். அதை நக்கிவிட்டுப் போக வந்த நாய்கள்தான் இருபது ஆண்டுகளில் அந்த இடத்துக்கு வந்த முதல் பார்வையாளர்கள்.

நிபுணர் தலைவி குறித்த நாளில் வந்தார். பெருங்கற்களைப் பற்றி எட்டு நூல் எழுதியவர். சிமெண்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார்.

"இந்தக் குளிர்ச்சியை உணர முடியுதா உங்களுக்கு?"

"மேற்படி குளிர்ச்சி ஆரம்பத்துல இருந்தே உண்டு மேடம்" என்றார் தலைமை எழுத்தர். சிமெண்ட் இன்னும் காயவில்லை என்பதை அவர் பணிவின் காரணமாகச் சொல்லவில்லை.

"உலோகம் தொடாத வேலை. இதைச் செஞ்ச கை எப்படிப்பட்ட கையா இருந்திருக்கும்!"

ஒப்பந்தக்காரர் பின்வரிசையில் அடக்கமாகத் தலைகுனிந்தார்.

கேடயம் தருவது அலுவலகத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு. தலைவி கை கழுவப் போனார். அவள் சோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். எட்டு நூல் எழுதிய கண் அந்த வட்ட ஓட்டையைப் பார்க்காமலா போகும்?

பார்த்தது. "என்ன இது, தண்ணியே போகமாட்டேங்குது? ஒரு பாரம்பரியத் துறைக்கு இது அழகா? முதல்ல இந்தக் கல்லை உடைச்சு எறிஞ்சுட்டு எவர்சில்வர்ல போடுங்க. அந்த வாசல்படியும் வழுக்குது."

"நாளைக்குக் காலையிலேயே ஆள் வச்சு உடைச்சுடறேன் மேடம்" என்றார் இயக்குநர்.

அவள் ஓட்டுநரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். விழாவில் தலைவியும் இயக்குநரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய இந்த ஆண்டறிக்கை இன்னும் தட்டச்சு ஆகவில்லை. விழா வேலையில் மூழ்கியிருந்த தலைமை எழுத்தர் இந்தத் தடவை அதை அவளிடம் விட்டிருந்தார். அவள் பதிவறைக்குள் போனாள். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டிப் போனாள். அந்த அலுவலகம் திறந்த நாளிலிருந்து எவரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். ஒன்பது கட்டங்களையும் புதிதாக எழுதினாள்.

விழா மேசையில் முத்திரை குத்தும்போது தலைமை எழுத்தர் வழக்கம்போல, "மாற்றம் ஏதும் உண்டாம்மா?" என்றார்.

"ஒன்பது கட்டத்துலயும் மாத்தியிருக்கேன் சார்."

"நல்லதும்மா" என்று முத்திரையைக் குத்தி இயக்குநர் பக்கம் தள்ளினார். இயக்குநர் புகைப்படக்காரரைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தலைவி இயக்குநரின் கையெழுத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை சம்மட்டியோடு ஆள் வந்தபோது அவள் அறிக்கையின் ஒரு படியோடு அந்தக் கல்லின் முன்னால் நின்றிருந்தாள். இயக்குநர் விரைந்து வந்தார்.

"என்னம்மா, வழியை விடுங்க."

"பட்டியல்ல ஏறின கல்லை நகர்த்தவோ உடைக்கவோ கூடாது சார். சட்டம். ரெண்டு வருஷம் உள்ள போடுவாங்க."

"இது எப்பம்மா பட்டியல்ல ஏறுச்சு?"

"நேத்து. நீங்கதான் ஏத்துனீங்க."

இயக்குநர் அறிக்கையை வாங்கினார். தன் பணிக்காலத்தில் முதல் தடவையாக ஓர் அறிக்கையைப் படிக்க ஆரம்பித்தார். இடம்: இந்த அலுவலகம். கற்கள்: வாசல்படி இரண்டு, பதிவறை நிலைப்படி ஒன்று, கை கழுவும் கல் ஒன்று, இயக்குநர் நாற்காலிக்கு அடியில் மூடுகல் ஒன்று. புதர்க்காட்டு மேட்டில் உள்ளது: சிமெண்ட், வயது பத்து நாள்.

"இதுல என் கையெழுத்து இருக்கே?"

"ஆமா சார். மேடத்துதும் இருக்கு."

அவர் இரண்டு கையெழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். "அப்ப உண்மையாத்தான் இருக்கணும்" என்று சம்மட்டிக்காரரைப் போகச் சொன்னார். பிறகு கடைசிக் கட்டத்துக்கு வந்தார். அதைப் படித்ததும் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

'ஒன்பது: உள்ளே மனித எச்சங்கள் உண்டா? எத்தனை? எந்த நிலையில்?

உண்டு. கையெழுத்திட்ட என்னையும் சேர்த்துப் பதினான்கு. (ஓட்டுநர் நீங்கலாக, அவரிடம் அசைவு காணப்படுகிறது.) பல ஆண்டுகளாக இடம் கலையாமல், உட்கார்ந்த நிலையில். நேரில் கண்டேன்.'