குடிசை ரசிகர்

குடிசை ரசிகர் என்றோர் இனம் உண்டு. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் கோடியில், பட்டிக்காட்டு வாழ்வை ருசி பார்க்க ராணி ஒருத்தி கட்டிக்கொண்ட கூரைவீட்டுக் கிராமத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், கூட்டமாக மேயும். பாரிஸிலிருந்து ரயிலேறி வரும், வெள்ளைவெளேர் காலணி மாட்டியிருக்கும், குளத்து வாத்தைக் கண்டதும் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "மனுஷனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்னும். சொன்ன கையோடு காபி எங்கே கிடைக்கும் என்று தேடும்.

எனக்கா தெரியாது? மாட்டுக் கொட்டகையில் பிறந்தவன் நான். பன்னிரண்டு வயதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. இன்று இந்த ஊரில் பாதிக் கூரை என் கை பட்டது. போதாக்குறைக்கு இந்த இனத்தில் ஒருவரை மாப்பிள்ளையாகவும் எடுத்திருக்கிறேன். பெயர் திபோ. காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய உத்தியோகம்.

போன வசந்தத்தில் என்னையும் என் மகள் சொலேனையும் அந்த ராணி கிராமத்துக்கு இழுத்துப் போனார். பெர்ஷ் என்ற நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணைவீடு பார்த்திருந்தார், செவ்வாய்க்கிழமை கையெழுத்து. பாரிஸ் வீட்டை விற்பது, அங்கே போய் ஆடு வளர்ப்பது, பதினோரு வருடம் பாடுபட்டு சொலேன் நிலைநிறுத்திய பல் மருத்துவமனையை இழுத்து மூடுவது. அவ்வளவுதான் திட்டம்! அவள் மனதைக் கரைக்கத்தான் இந்த உலா.

ராணி வீட்டுச் சுவர் முன் நின்று உருகினார்.

"இந்த விரிசலைப் பாருங்க மாமா. எவ்வளவு உண்மை! இப்ப கட்டுற வீட்டுல இது உண்டா?"

"அது விரிசல் இல்ல மாப்பிள்ளை, பெயிண்டு. புதுச் சுவர் பழசாத் தெரியணும்னு ஆள் வெச்சு வரைஞ்சது."

விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"அதுதான் மாமா ரசனை!"

இவர்களை யார் ஜெயிப்பது?

பிறகு மனைவியின் கையைப் பிடித்து, கிராமத்து அமைதியைப் பற்றி ஆரம்பித்தார். வேலிக்கு அப்பால் சேவல் கூவியது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி கூவியது. மூன்றாம் தடவை நேரே காவலாளியிடம் போனார்.

"இது எத்தனை மணிக்கு நிறுத்தும்?"

"எனக்கு ஆறு மணிக்கு டியூட்டி முடியுது சார். அதுக்கு முடியாது."

திபோ கலங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து சொலேனிடம் நீட்டினார்.

"பயப்படாதே. பெர்ஷ்ல பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேவல் இருக்கு. மேயருக்குப் புகார் இப்பவே எழுதி வெச்சுட்டேன்."

இன்னும் வீடு வாங்கவில்லை, புகார் தயார்! சொலேன் நிதானமாகப் படித்தாள்.

"சாணி நாத்தத்துக்குத் தனிப் பாரா போட்டிருக்கியே."

"முன்யோசனை வேணாமா?"

"வேணும்தான். நீ கையெழுத்துப் போட்டு அங்கேயே இரு. நான் ஞாயித்துக்கிழமை வந்து, உன்னை ஒரு போட்டோ எடுத்துட்டு, சாயந்திர ரயில்ல திரும்பிடறேன்."

செவ்வாய்க்கிழமை கையெழுத்து விழவில்லை. அன்று காலை சொலேன் நாலு பல் பிடுங்கினாளாம், வழக்கத்தைவிட உற்சாகமாக.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் குளக்கரை, வாத்து, கூரைவீடு என்று நான் சொன்னபோது ஒரு சின்னப் பெருமூச்சு விட்டீர்களே, அது என் காதில் விழுந்தது. அதை உங்கள் வீட்டில் உள்ளவர் முன்னால் மட்டும் விட்டுவிடாதீர்கள்.