நான் பிடித்துக் கொடுத்த ஒரே ஆள்

புது பிரௌசர் ஒன்று ஏன் ஜனங்களிடம் எடுபடுவதில்லை என்று யாராவது கேட்டால் என்னைக் கைகாட்டலாம். அப்படி ஒன்றுக்குச் சம்பளமில்லாத கொள்கை பரப்புச் செயலாளராக இருந்து கவிழ்ந்தவன் நான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதி ஆபீஸில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. (வாய் மட்டும் நிரந்தரம்.) புது பிரௌசர் வேகமானது, விளம்பரமே வராது என்று எல்லோரிடமும் ஓதினேன். யாரும் மசியவில்லை. பக்கத்து சீட் ஸ்டெல்லா அக்கா, "இருக்கறதே நல்லாத்தான கீது, இன்னாத்துக்கு பேஜாரு?" என்று முடித்துவிட்டார்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவர் கம்ப்யூட்டரில் புதியதைப் போட்டு, பழையதை அதன் சேமிப்போடு அழித்துவிட்டேன். நல்லது செய்கிறேனாம்.

அன்று மத்தியானம் வெளிநாட்டுப் பார்ட்டியின் இணையதளத்தில் பேக்கிங் விவரத்தை ஏற்ற வேண்டும். அப்போதுதான் வாசலில் நிற்கும் கன்டெய்னர் சென்னைக்குக் கிளம்பும். தளம் பாஸ்வேர்டு கேட்டது. அக்காவுக்குத் தெரியாது, இத்தனை வருஷமும் பழைய பிரௌசர்தான் ஞாபகம் வைத்திருந்தது. புதுச் செருப்பு கடிக்கும் என்பது ஆம்பூரில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் போயிருக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால், ஓடிபி அன்வர் பாயின் போனுக்குப் போகிறது. அந்தக் கணக்கைத் தொடங்கி, போன வருஷம் ரிடையரானவர். போனை எடுக்கவில்லை. தங்கை மகள் கல்யாணத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மண்டபத்துக்கு வண்டியை விரட்டினேன். வழியெல்லாம் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் அப்பாவின் முகம்தான். வேலை போய்விட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த பாய், நான் உளறியதைக் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். எண் வந்தது, அக்காவிடம் போனில் சொன்னேன், கன்டெய்னர் கிளம்பிவிட்டது. பிறகு பாயே மேனேஜரைப் போனில் கூப்பிட்டார். "வேலைய விட்டு வரும்போது என் நம்பர மாத்தாம வந்துட்டேன் சார். தப்பு என்னுது." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என்னை உட்காரவைத்துத் தட்டை நிரப்பிவிட்டு, "அவ்ளோ நல்லதா தம்பி அது? எம் போன்லயும் போட்டுக் குடு" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

இன்றுவரை பாய் அதைத்தான் வைத்திருக்கிறார். ஏதாவது திறக்கவில்லை என்றால் எனக்குத்தான் போன். "உங்க ஒரே கஸ்டமர்" என்று என் மனைவி சிரித்துக்கொண்டே நீட்டுவாள். நான் மறுநாளே பழையதற்குத் திரும்பிவிட்டதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சோறும் போட்டு, வேலையையும் காப்பாற்றிய மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?